பேச்சு வரும் முன்னே கை பேசுமா? குழந்தைக்கு ‘சைன்’ சொல்லித்தருவதில் எது உண்மை, எது விளம்பரம்?

இரவு 2 மணி. பத்து மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாச்சு, தட்டிவிடுகிறது. டயப்பர் மாத்தியாச்சு. தோளில் போட்டு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் பத்து நடை நடந்தாச்சு. ஃபேனைக் கூட்டிப் பார்த்தாச்சு, குறைத்தும் பார்த்தாச்சு. “என்னடா வேணும் உனக்கு? சொல்லேன் செல்லம்...” என்று அம்மா கெஞ்சுகிறார். சொல்லத் தெரிந்தால் அது ஏன் அழப்போகிறது?

அடுத்த நாள் காலை அதே அம்மாவின் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல்ஸ் வருகிறது. கிட்டத்தட்ட அதே வயதுக் குழந்தை. இரண்டு கைகளின் விரல்களையும் குவித்து, நுனிகளை ஒன்றோடொன்று தட்டுகிறது. ‘இன்னும் வேணும்’ என்று அர்த்தமாம். வீடியோவில் இருக்கும் அம்மா இன்னொரு வாழைப்பழத் துண்டை எடுத்து வைக்கிறார். அழுகை இல்லை, அடம் இல்லை. கீழே ‘உங்கள் குழந்தை பேசும் முன்பே பேசும்’ என்று ஒரு வரி. கூடவே கட்டண வகுப்புக்கான லிங்க்.

‘பேபி சைன்’ எனப்படும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு உடனே மூன்று கேள்விகள் வரும். இது நிஜமாகவே வேலை செய்யுமா? குழந்தையின் அறிவு கூடுமா? கையைக் காட்டிப் பழகிவிட்டால் பேச்சு தள்ளிப்போய்விடாதா? மூன்றுக்கும் ஆய்வுகளில் பதில் இருக்கிறது. அந்தப் பதில்களைத் தேடிப் போனால் விளம்பரங்கள் தொடாத நான்காவது கேள்வி ஒன்றும் எதிரே வந்து நிற்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

வாயை விடக் கை ஏன் முந்துகிறது?

ஒரு சொல்லைச் சொல்ல உதடு, நாக்கு, தாடை, குரல்வளை, மூச்சு எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். ‘தண்ணீர்’ என்பது பெரியவர்களுக்குச் சாதாரணச் சொல். ஒரு வயதுக் குழந்தையின் நாக்குக்கு அது சர்க்கஸ். ஆனால் கையைத் தூக்குவது, விரித்து மூடுவது, ஆட்டுவது எல்லாம் அதற்கு முன்பே கைவந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு. குழந்தை தன் நாக்கைப் பார்க்க முடியாது. கையைப் பார்க்க முடியும், சரியாகச் செய்கிறோமா என்று திருத்திக்கொள்ளவும் முடியும்.

புரிந்துகொள்வது, பேசுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. “அப்பா எங்கே?” என்று கேட்டால் வாசலைத் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு ‘அப்பா’ என்று சொல்ல வராது. அதற்குத் தெரியும், சொல்லத்தான் வழியில்லை. இந்த இடைவெளியில்தான் கை உள்ளே நுழைகிறது.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டுள்ள வளர்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 9 மாதத்தில் தூக்கச் சொல்லி இரு கைகளையும் உயர்த்துவது, 12 மாதத்தில் டாட்டா காட்டுவது, 15 மாதத்தில் வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பது என்று கைகளுக்கும் அதில் தனி இடம் உண்டு.

2005-ல் ஜனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 10 குழந்தைகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தை ஒரு பொருளை முதலில் கையால் சுட்டுகிறது; அதன் பிறகே அந்தப் பொருளின் பெயர் அதன் பேச்சில் வருகிறது. கை முன்னால் போய் வழி விட, சொல் பின்னால் வருகிறது.

நம் வீடுகளுக்கு இது புதுசும் இல்லை. “சாமி கும்பிடு” என்றால் கை கூப்புவது, “டாட்டா சொல்லு” என்றால் கையாட்டுவது, உள்ளங்கையில் பருப்பு கடையும் விளையாட்டு, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது எல்லாமே கையும் சொல்லும் சேர்ந்த பாடங்கள்தான். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் குழந்தை கைகொட்டும் பருவத்துக்கென்றே ‘சப்பாணி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. இலக்கண நூல்கள் அதை ஒன்பதாம் மாதத்தில் வைக்கின்றன. பிறகு நிலாவை விளையாடக் கூப்பிடும் ‘அம்புலி’ப் பருவம். குழந்தையின் கை எப்போது பேசத் தொடங்குகிறது என்பதைத் தமிழ்ப் புலவர்கள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

பேபி சைன் எங்கிருந்து வந்தது?

1980-களின் தொடக்கம், கலிஃபோர்னியா. லிண்டா ஆக்ரடோலோ என்ற உளவியல் பேராசிரியரின் ஒரு வயது மகள், பூவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுருக்கி முகர்வதுபோல் செய்தாள். நிஜப் பூ என்றில்லை, படத்தில் இருக்கும் பூவுக்கும் அதே மூக்குச் சுருக்கல். பூவுக்கு அவளாகவே வைத்துக்கொண்ட பெயர் அது. ஆக்ரடோலோவும் அவருடைய சக ஆய்வாளர் சூசன் குட்வினும் மற்றக் குழந்தைகளும் இப்படிச் செய்கிறார்களா என்று தேடத் தொடங்கினார்கள். 1996-ல் ‘பேபி சைன்ஸ்’ என்ற புத்தகம் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசஃப் கார்சியா என்பவர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் குழந்தைகள் பேச்சு வருவதற்கு முன்பே சைகையில் பேசுவதை அவர் கவனித்தார். அமெரிக்க சைகை மொழியிலிருந்து சில சொற்களை எடுத்து, எல்லாப் பெற்றோரும் பயன்படுத்தலாம் என்றார்.

2004-ல் வெளியான ‘மீட் தி ஃபாக்கர்ஸ்’ ஹாலிவுட் காமெடியில் ராபர்ட் டி நீரோ தன் பேரனுக்குச் சைகை சொல்லிக்கொடுக்கும் தாத்தாவாக வந்தார். விஷயம் வீடுவீடாகப் பரவியது. வகுப்புகள், ஃப்ளாஷ் கார்டுகள், டிவிடி, பிறகு ஆப் என்று அது ஒரு வியாபாரமாகவும் வளர்ந்தது.

ஐ.க்யூ. கூடுமா?

விளம்பரங்களில் அதிகம் அடிபடும் வாசகம் இதுதான்: ‘பேபி சைன் கற்ற குழந்தைகளுக்கு ஐ.க்யூ. 12 புள்ளி அதிகம்.’ இதன் மூலம் என்ன?

ஆக்ரடோலோவும் குட்வினும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை 11 மாத வயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். சைகை கற்ற குழந்தைகள் தொடக்கத்தில் மொழித் தேர்வுகளில் சற்று முன்னால் இருந்தார்கள் என்று 2000-ம் ஆண்டு வெளியான அவர்களின் கட்டுரை சொன்னது. வயது கூடக் கூட அந்த இடைவெளி சுருங்கியது. அதே குழந்தைகளில் சிலரை 8 வயதில் மறுபடி சோதித்தபோதுதான் அந்த 12 புள்ளி வித்தியாசம் வந்தது. ஆனால் அது ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட முடிவு. மற்ற நிபுணர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழ் எதிலும் வரவில்லை.

2005-ல் கனடா ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த 17 ஆய்வுகளை எடுத்து ஒவ்வொன்றாக அலசினார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, ஒப்பிடும் குழு சரியில்லை, நீண்ட காலக் கண்காணிப்பு இல்லை என்று குறைகளின் பட்டியல் நீண்டது. ‘சைகை கற்பதால் மொழியோ அறிவோ கூடும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை’ என்பது அவர்கள் முடிவு.

அதன் பிறகு ஒழுங்காகத் திட்டமிட்டு நடந்த ஆய்வு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எலிசபெத் கிர்க் தலைமையிலான குழு 40 குழந்தைகளையும் அவர்களின் அம்மாக்களையும் எடுத்துக்கொண்டது. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டு குலுக்கிப் போடுவதுபோல் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பிரிட்டிஷ் சைகை மொழிச் சொற்கள், ஒரு குழுவுக்குச் சாதாரணக் கை அசைவுகள், ஒரு குழுவுக்கு வாய்ப்பேச்சுப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. 8 மாதத்திலிருந்து 20 மாதம் வரை கவனித்தார்கள்.

2013-ல் முடிவு வெளியானது. குழந்தைகள் சைகைகளைக் கற்றுக்கொண்டார்கள். பல சைகைகள், அதே பொருளுக்கான சொல் வாயில் வருவதற்கு முன்பே வந்தன. ஆனால் 20 மாதத்தில் பேச்சை அளந்து பார்த்தபோது குழுக்களுக்கு இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, ஐ.க்யூ.வுக்காகச் செய்கிறீர்கள் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

பேச்சு தள்ளிப்போகுமா?

“கையைக் காட்டினாலே எல்லாம் கிடைக்குதுன்னா அது எதுக்கு வாயைத் திறக்கும்?” வீட்டுப் பெரியவர்களின் இந்தக் கவலையில் ஒரு லாஜிக் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஆய்வில் சைகைக் குழு முன்னால் போகாததுபோலவே, பின்தங்கவும் இல்லை.

காரணம் எளிமையானது. தவழத் தெரிந்த குழந்தை நடக்காமல் நின்றுவிடுவதில்லை. கையால் ‘பால்’, ‘போதும்’, ‘நாய்’ என்று மூன்று விஷயம் சொல்லலாம். “அந்த நாய் நேத்து என் பிஸ்கெட்டைத் தின்னுடுச்சு” என்று புகார் சொல்லக் கை போதாது. சுற்றிலும் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், காது கேட்கும் குழந்தை பேச்சுக்குத் தானாகவே மாறிவிடும். டாட்டா காட்டிய குழந்தை பின்னாளில் “போயிட்டு வரேன்” என்று சொல்லாமல் இருப்பதில்லையே.

இன்னும் சொன்னால் இதற்கு எதிர்த்திசையில் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. சிகாகோவில் 50 குடும்பங்களைப் பின்தொடர்ந்து மெரிடித் ரோவும் கோல்டின்-மெடோவும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. 14 மாதத்தில் கையால் அதிகம் சுட்டிக்காட்டிய குழந்தைகளுக்கு, பள்ளிக்குப் போகும் வயதில் சொல்வளமும் அதிகமாக இருந்தது. வீட்டில் பெற்றோர் கை அசைத்துப் பேசினால் குழந்தையும் அப்படியே செய்தது. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருந்தது என்றுதான் இதற்குப் பொருள். ஆனாலும் கை, பேச்சுக்கு எதிரி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்போ என்னதான் லாபம்?

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஆய்வில் விளம்பரக்காரர்கள் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. மாறியது குழந்தைகள் அல்ல, அம்மாக்கள். சைகை பழகிய அம்மாக்கள் தங்கள் குழந்தையின் சின்னச் சின்ன அசைவுகளுக்கு அதிகம் பதில் கொடுத்தார்கள். குழந்தை தானாக ஒன்றைச் செய்து பார்க்க அதிகம் இடம் கொடுத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சைகை சொல்லித்தர வேண்டுமென்றால் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது எங்கே பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். அது பதிலுக்குக் கையை அசைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பேபி சைனின் நிஜமான பலன் அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வு ஒன்று, பேபி சைன் வகுப்புகளுக்குப் போகும் அம்மாக்களுக்கு மற்ற அம்மாக்களைவிட மன அழுத்தம் அதிகமாக இருந்ததாகச் சொன்னது. ஏற்கெனவே கவலைப்படும் அம்மாக்கள்தான் வகுப்பைத் தேடிப் போகிறார்கள் என்றும் இருக்கலாம். எப்படியானாலும், ‘பக்கத்து ஃப்ளாட் குழந்தைக்கு 20 சைன் தெரியுமாம்’ என்று தொடங்கினால், விளையாட்டு வினையாகிவிடும்.

எப்படித் தொடங்குவது?

வகுப்போ ஆப்போ தேவையில்லை. வீட்டிலேயே போதும்.

வயது: 6 முதல் 8 மாதத்தில் காட்டத் தொடங்கலாம். குழந்தை உடனே திருப்பிச் செய்யாது. சில வாரங்களோ, இரண்டு மூன்று மாதமோ ஆகலாம். ஒரு வயது தாண்டிய பிறகு தொடங்கினாலும் தப்பில்லை.

மூன்றே சொல்: முதலில் பால், இன்னும், போதும். பாலுக்கு, பசுவின் மடியைக் கறப்பதுபோல் ஒரு கையை மூடி விரிப்பது. ‘இன்னும்’ என்பதற்கு, இரு கை விரல்களையும் குவித்து நுனிகளைத் தட்டுவது. ‘போதும்’ என்றால், விரித்த இரண்டு கைகளையும் வெளிப்பக்கம் திருப்பிக் காட்டுவது. இவை அமெரிக்க சைகை மொழியிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவியவை. அதற்குப் பதில் நம் வீட்டு அசைவுகளும் தாராளமாகச் செல்லும். குவித்த விரல்களை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். கன்னத்தில் உள்ளங்கை வைத்தால் தூக்கம்.

சொல்லும் கையும் சேர்ந்தே: பால் கொடுக்கும்போது “பால் வேணுமா? பால்” என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் காட்டினால் குழந்தை கேட்க வேண்டிய பேச்சு குறைந்துவிடும்.

கை மழலை: ‘பால்’ காட்டச் சொன்னால் குழந்தை கையை உதறும். ‘இன்னும்’ என்பதற்குக் கைதட்டும். மழலைப் பேச்சுபோல இதுவும் மழலைதான். திருத்த வேண்டாம். புரிந்துகொண்டு பதில் கொடுத்தாலே போதும்.

பரீட்சை வேண்டாம்: “ஆன்ட்டிக்குக் காட்டு, எங்கே காட்டு” என்று விருந்தாளிகள் முன்னால் நிறுத்த வேண்டாம். ‘சைன் செஞ்சாத்தான் பால்’ என்று பசியோடு காக்க வைப்பது கூடவே கூடாது.

எல்லோரும் ஒரே மாதிரி: பாட்டி, தாத்தா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, டே கேர் என எல்லோரும் ஒரு சொல்லுக்கு ஒரே அசைவைக் காட்டினால் குழந்தைக்குக் குழப்பம் இல்லை.

திரை வேண்டாம்: ஒரு வயது வரை திரையே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீடியோவைப் பார்த்துக் கற்க வேண்டியவர் பெற்றோர். குழந்தை பார்க்க வேண்டியது பெற்றோரின் முகத்தை.

இது சைகை மொழியா?

இல்லை. இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. பேபி சைன் என்பது பத்து இருபது தனிச் சொற்கள். சைகை மொழி என்பது முழு மொழி. அதற்கென்று இலக்கணம், வாக்கிய அமைப்பு, கேலி, கவிதை எல்லாம் உண்டு. புருவம் உயர்வதும் உடல் சாய்வதும்கூட அதில் இலக்கணம்தான். தமிழை அப்படியே கையால் காட்டுவது சைகை மொழி ஆகாது. உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்பதும் தவறு. அமெரிக்க சைகை மொழியில் எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள். இந்திய சைகை மொழியில் இரண்டு கை வேண்டும்.

இந்திய சைகை மொழிக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் இருக்கிறது. அது தொடங்கப்பட்டது 2015-ல். அந்த மையத்தின் அகராதி 2018-ல் 3,000 சொற்களோடு தொடங்கி, 2021-ல் 10,000 சொற்களைத் தொட்டது. ‘சைன் லேர்ன்’ என்ற செயலியிலும் அது கிடைக்கிறது. குழந்தைக்குச் சைகை கற்றுத்தர முடிவு செய்தவர்கள் இதிலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் லட்சக்கணக்கானோர் பேசும் ஒரு மொழியின் முதல் சில சொற்களாவது வீட்டுக்குள் வரும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கேட்புத்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர். நான்காவது கேள்வி இவர்களைப் பற்றியதுதான்.

காது கேட்காத குழந்தைக்கு மட்டும் ஏன் தடை?

காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்குச் சைகை கற்றுத்தந்தால் ‘ஸ்மார்ட் பேரன்டிங்’ என்று பாராட்டு. காது கேளாத குழந்தைக்குக் கற்றுத்தரலாமா என்று கேட்டால், பல பெற்றோருக்கு இன்றும் கிடைக்கும் பதில் வேறு: “கையைக் காட்டாதீங்க, அப்புறம் பேச்சே வராது.” ஒரு குழந்தைக்குப் பொழுதுபோக்காகக் கிடைப்பது, அது உயிர்நாடியாகத் தேவைப்படும் இன்னொரு குழந்தைக்கு மறுக்கப்படுகிறது.

இந்தப் பதிலுக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு நடந்தது. கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். வகுப்பறையில் சைகைக்கு இடமில்லை, வாய்ப்பேச்சு மட்டும்தான் என்று அவர்கள் தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் பள்ளிகளிலிருந்து சைகை மொழி வெளியேற்றப்பட்டது. 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே தொடர் மாநாடு, அந்தத் தீர்மானங்களின் விளைவுகளுக்காக வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழித்து!

அறிவியல் என்ன சொல்கிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் திருப்புமுனை. காது கேட்கும் குழந்தைகள் ‘பபபப’, ‘மமமம’ என்று உளறுவதுபோல, சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் காது கேளாத குழந்தைகள் கையால் உளறின. சைகையின் துண்டுகளைத் தாளத்தோடு திரும்பத் திரும்பச் செய்தன. மூளை தேடுவது மொழியை. அது காது வழியே வந்தாலும் சரி, கண் வழியே வந்தாலும் சரி, எடுத்துக்கொள்கிறது.

பிரச்சினை, எந்த வழியிலும் வராதபோதுதான். காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். அந்த வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. குழந்தைக்குப் பேச்சு கேட்காது. காது கேட்கும் கருவிக்காகவோ, காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சைக்காகவோ, அதன் பிறகான பயிற்சிக்காகவோ காத்திருக்கும் மாதங்களில் குழந்தைக்கு எந்த மொழியும் முழுதாகக் கிடைப்பதில்லை. மூளை மொழியை மிக வேகமாக உறிஞ்சும் ஆண்டுகள் அவை. அந்த இழப்பு, பின்னாளில் வாசிப்பிலும் சிந்தனையிலும் உறவுகளிலும் தெரியும். ஆய்வாளர்கள் இதை ‘மொழிப் பட்டினி’ என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள்.

2021-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நம்பிக்கை தருகிறது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் அவர்கள். 6 மாதத்துக்குள் சைகை மொழி கிடைத்த குழந்தைகளின் சொல்வளம், வயதுக்குரிய அளவிலேயே வளர்ந்தது. அந்தப் பெற்றோர் சைகை மொழியில் புலிகள் இல்லை. குழந்தையோடு சேர்ந்து கற்றுக்கொண்டவர்கள்தான்.

இதில் கருத்து வேறுபாடும் இருக்கிறது. காக்ளியர் இம்பிளான்ட் பொருத்திய குழந்தைகளில், சைகை பழகாதவர்களின் பேச்சு தெளிவாக இருந்தது என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பெற்றோரின் சைகை எவ்வளவு சரளமாக இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதற்கு எதிர்ப்பும் வந்தது. விவாதம் தொடர்கிறது. ஆனால் கருவியும் வேண்டும், கையும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடியும். கருவி எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு பலன் தருவதில்லை. தராத குழந்தைக்கு, அதைத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் இரண்டு மூன்று வருடம் கைநழுவிப் போயிருக்கும்.

எப்போது உஷாராக வேண்டும்?

‘1-3-6’ என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிறந்த 1 மாதத்துக்குள் கேட்புத்திறன் பரிசோதனை. குறை இருப்பதுபோல் தெரிந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்வது. 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குவது. முதல் பரிசோதனைக்குப் பெயர் ஓ.ஏ.இ. தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். வலி இல்லை. சந்தேகம் இருந்தால் ‘பெரா’ டெஸ்ட். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதவர்கள், குறைமாதத்தில் பிறந்து ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தையின் பெற்றோர் இதைத் தவறவே விடக் கூடாது.

மாவட்ட அளவில் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிறார்கள். காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருகிறது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது:

• பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடாமல் இருப்பது.
• 6 மாதம் ஆகியும் குரல் வரும் பக்கம் திரும்பாதது.
• தொடங்கிய ‘பபபப’ உளறல், போகப் போகக் குறைந்து நின்றுபோவது.
• ஒரு வயது முடிந்தும் டாட்டா, விரல் நீட்டுவது, கையைத் தூக்குவது என எந்தக் கை அசைவும் இல்லாதது.
• 18 மாதத்தில், அம்மா அப்பா தவிர வேறு சொல் எதையும் முயலாதது.

கடைசி இரண்டும் காது சம்பந்தப்பட்டதாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வேறு வளர்ச்சிக் காரணங்களும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் சீக்கிரம் தெரிவது நல்லது. “அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்” என்று சமாதானம் சொல்வதோ, நாக்கில் வசம்பு தடவுவதோ காதுப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

சரி, கற்றுத்தரலாமா வேண்டாமா?

காது கேட்கும் குழந்தை என்றால், பிடித்திருந்தால் செய்யலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். எந்த நஷ்டமும் இல்லை. செய்பவர்களுக்கு லாபமாகக் கிடைப்பது 12 புள்ளி ஐ.க்யூ. இல்லை, அழுகைக்கும் ஊகத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வழி. காது கேளாத குழந்தை என்றால் இது விருப்பப் பாடம் இல்லை. கண் வழியே வரும் மொழி அதன் உரிமை. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்களின் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் அம்மாவும் அப்பாவும்.

இரண்டு குழந்தைகளில் உங்கள் வீட்டில் இருப்பது எது என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை இருக்கிறது. சில நிமிடம்தான் ஆகும். பேபி சைன் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், அதை முடித்தாச்சா என்று குழந்தையின் மருத்துவக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.